கிட்டாரில் முதல் பாடல்கள்: தொடக்கநிலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்மையில் ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி, நான்கைந்து பாடல்களையாவது தானே வாசித்துப் பாட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. மேடைக் கலைஞராவதற்கான வழி இங்கே பேசப்படவில்லை. வலது கையால் மீட்டுபவர்களை எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. மிக மெல்லிய தந்தியை 1ஆம் தந்தி என்றும் மிகத் தடித்ததை 6ஆம் தந்தி என்றும் எங்கும் குறிப்பிட்டுள்ளேன்.

எளிய பாடல் என்று எதைக் கருத வேண்டும்? கார்டுகள் குறைவாக இருந்தால் போதுமா?

போதாது. கார்டு என்பது சில சுரங்கள் ஒருசேர ஒலிக்கும்படி விரல்களை வைக்கும் பிடி. பாடலைத் தேடுகிற பலரும் கார்டுகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் நகரும் பாடலில் நான்கு தட்டுக்கு ஒருமுறை கார்டு மாறுமானால் உங்கள் விரல்களுக்கு 3 விநாடி கிடைக்கிறது. 120 தட்டு வேகத்தில் இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாறுமானால் ஒரே ஒரு விநாடிதான். ஆகவே நான்கு கார்டுகள் கொண்ட நிதானமான பாடல், இரண்டே கார்டுகள் கொண்ட துள்ளல் பாட்டைவிட எளிதாக இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, கார்டு மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தாள வட்டத்தின் முதல் தட்டில் மாறுவது எளிது. தட்டுக்கு அரை இடம் முன்னதாக மாறுவது தொடக்கநிலையினரைத் தடுமாற வைக்கும். பாடலைத் தேர்ந்தெடுக்குமுன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, பதிவைக் கேட்டபடி தாளம் போட்டுப் பாருங்கள். இசையின் நிறம் மாறும் இடங்கள் உங்கள் முதல் தட்டோடு சேர்ந்தே வருமானால் அது உங்களுக்கேற்ற பாடல்.

“இளைய நிலா பொழிகிறதே”, “என் இனிய பொன் நிலாவே” ஆகியவற்றை வாசிக்கும் ஆசையில்தான் கிட்டார் வாங்கினேன். அவற்றிலிருந்தே தொடங்கலாமா?

தமிழ்நாட்டில் கிட்டாரைக் கையில் எடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஆசை இருக்கிறது, அது இயல்பானதே. முறையே 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யிலும் 1980இல் வந்த ‘மூடுபனி’யிலும் இடம்பெற்ற இந்த இரண்டு பாடல்களிலும் கிட்டார் பின்னணியில் ஒதுங்கி நிற்காமல் பாடகரோடு சமமாகப் பேசுகிறது. இவற்றை அமைத்த இளையராஜா, இசையமைப்பாளராகும் முன்பே பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆனால் அவற்றில் கேட்கும் கிட்டார், தந்திகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டும் முறையில் அமைந்தது. இடக்கை தயக்கமின்றிக் கார்டு மாற்றக் கற்றுக்கொள்ளும் முன்பே வலக்கைக்கும் இவ்வளவு வேலை கொடுத்தால் இரண்டுமே குலைந்துபோகும். முகப்பிசையின் முதல் சில விநாடிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு அதற்கு மேல் நகராமல் நின்றுவிடுவது இப்படித்தான் நேர்கிறது. பத்துப் பாடல்களின் முகப்பை அறிந்திருப்பதைவிட ஒரு பாடலைப் பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை நிற்காமல் வாசிப்பது பல மடங்கு பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. அந்த இரண்டு பாடல்களையும் தினமும் கேளுங்கள். வாசிப்பதைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள்.

நைலான் தந்தி நல்லதா, உலோகத் தந்தி நல்லதா? விரல் நுனி வலிக்கிறதே?

நைலான் தந்தி விரலுக்கு மென்மையானது. ஆனால் அத்தகைய கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, தலைப்பக்க முனையில் தந்திகள் தங்கும் நட்டுப் பகுதியில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. உலோகத் தந்திக் கிட்டாரில் அது 43 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கை சிறியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திரைப்பாடல்களுக்கு ஸ்ட்ரம் செய்து, அதாவது தந்திகளை ஒருசேர வருடி மீட்டி, பாடுவதுதான் நோக்கம் என்றால் உலோகத் தந்தியே பொருத்தமான ஒலியைத் தரும். கிளாசிக்கல் கிட்டாரில் உலோகத் தந்தியை மாட்டவே கூடாது. அந்த இழுவிசையைத் தாங்காமல், உடல்பகுதியில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

வலி சில வாரங்களில் தோல் தடித்ததும் குறைந்துவிடும். அதுவரை ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் அழுத்துவதைவிட, பதினைந்து நிமிடமாக இரண்டு முறை பழகுவது நல்லது. ஆனால் எல்லா வலியையும் பழக்கக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளே ஃப்ரெட்டுகள்; நட்டிலிருந்து எண்ண வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே 6ஆம் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். உலோகத் தந்திக் கிட்டாரில் அது சுமார் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் சரி. மூன்றரை, நான்கு என்று இருந்தால் குறை உங்கள் விரலில் இல்லை, கருவியில் இருக்கிறது. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் உயரத்தைக் குறைத்துத் தருவார். இதைச் செய்யாமல், மலிவான கருவியோடு மாதக்கணக்கில் போராடி, “எனக்கு வராது” என்று ஒதுக்கிவைத்தவர்கள் ஏராளம். அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து தந்திகளை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் டியூனிங் பார்க்க வேண்டுமா?

ஆம், ஒவ்வொரு முறையும். 6ஆம் தந்தியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கைப்பேசியில் கிடைக்கும் இலவச ட்யூனர் செயலியே போதும். சுருதி கூடிவிட்டால் தந்தியை நன்றாகத் தளர்த்திக் கீழேயிருந்து மேலே ஏற்றிச் சேர்ப்பதே முறை. மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் மீண்டும் இறங்கிவிடும். புதிய தந்திகள் முதல் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் கவலைப்பட வேண்டாம்.

முதலில் எந்தக் கார்டுகளைக் கற்க வேண்டும்?

ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி ஆகிய ஐந்தும் கைக்கு வந்துவிட்டால் எண்ணற்ற பாடல்கள் திறந்துகொள்ளும். ஆனால் அவற்றைத் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்வதைவிட, எந்த விரல் அப்படியே இருக்கலாம் என்று பார்த்து இணையிணையாகக் கற்பது நல்லது.

ஏ மைனரை எடுத்துக்கொள்வோம். சுட்டுவிரல் 2ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் 4ஆம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிரவிரல் 3ஆம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் இருக்கும். இப்போது மோதிரவிரலை மட்டும் எடுத்து 5ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். அது சி கார்டு. மற்ற இரண்டு விரல்களும் அசையவே இல்லை. அந்தச் சி கார்டிலிருந்து மோதிரவிரலை 4ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நடுவிரலை 3ஆம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நகர்த்தி, 4ஆம் தந்தியிலிருந்து கீழே மீட்டினால் எஃப் மேஜர் செவன் கிடைக்கும். கடினமான எஃப் கார்டு வரும் பெரும்பாலான இடங்களில் தற்காலிகமாக இதை வைத்துச் சமாளிக்கலாம். மூன்று கார்டுகளிலும் சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜி, டி இரண்டுக்கும் இதே போன்ற வழி உண்டு. ஜி கார்டை நான்கு விரல்களால் பிடியுங்கள்: நடுவிரல் 6ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், சுட்டுவிரல் 5ஆம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட், மோதிரவிரல் 2ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், சுண்டுவிரல் 1ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட். டி கார்டிலும் மோதிரவிரல் 2ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில்தான் இருக்கும். அதை எடுக்காமல் மற்ற விரல்களை மட்டும் மாற்றப் பழகினால், தேடித் தேடி வைக்கும் தடுமாற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒவ்வொரு கார்டும் தனியாக நன்றாக ஒலிக்கிறது. மாற்றும்போது மட்டும் பாட்டு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

தொடக்கநிலையில் இருப்பவரின் முழுச் சிக்கலும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. இடக்கை தயாராகும்வரை வலக்கை காத்திருப்பதுதான் காரணம். அதை மாற்றி, வலக்கை யாருக்காகவும் நிற்காது, இடக்கைதான் ஓடிவந்து சேர வேண்டும் என்று ஆக்கிவிட வேண்டும். கார்டு அரைகுறையாக விழுந்தாலும், ஒரு தந்தி மழுங்கி ஒலித்தாலும், திறந்த தந்திகள் மட்டுமே ஒலித்தாலும் தாளம் மட்டும் தப்பக் கூடாது. கேட்பவர்களின் காது ஒரு மழுங்கிய சுரத்தை எளிதில் மன்னித்துவிடும்; இடையில் விழும் இடைவெளியை மன்னிக்காது.

இதற்கு நடைமுறையில் பயன்படும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு முறை மீட்டினால் போதும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் நான்கு தட்டுக்கு ஒருமுறை மாறும் பாடலுக்குத் தேவைப்படுவது நிமிடத்துக்கு 20 மாற்றங்கள்தான். பயிற்சியில் 30 வரை எட்டிவிட்டால், பாடும்போது மனம் சற்றுச் சிதறினாலும் கை பிசகாது. தினமும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதிகமாக உதைக்கும் இணையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் ஒரு மாற்றம் மட்டும் முரண்டு பிடித்தால், முந்தைய கார்டின் கடைசி அரைத் தட்டில் இடக்கை விரல்களை எடுத்துவிட்டுத் திறந்த தந்திகளையே மேல்நோக்கி மீட்டுங்கள். அந்த அரைத் தட்டு உங்கள் விரல்களுக்குத் தேவையான நேரத்தைத் தரும். தேர்ந்த வாசிப்பாளர்களும் இதைச் செய்வதுண்டு என்பதால் இதைக் குறுக்குவழி என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

எந்த ஸ்ட்ரம்மிங் முறையில் தொடங்குவது?

முதல் வாரம் தட்டுக்கு ஒருமுறை கீழ்நோக்கி மட்டும் மீட்டுங்கள். பிறகு கை ஒவ்வொரு தட்டிலும் கீழே இறங்கி, இரு தட்டுகளுக்கும் நடுவில் மேலே ஏறிக்கொண்டே இருக்கட்டும். கடிகாரத்தின் ஊசல்போல அது ஆடிக்கொண்டே இருக்க, எந்த அசைவில் தந்தியைத் தொடுவது, எதில் தொடாமல் விடுவது என்பதுதான் ஸ்ட்ரம்மிங் முறை என்பது. மிகப் பரவலாகப் பயன்படும் முறை: கீழ், கீழ்-மேல், மூன்றாம் தட்டில் தொடாமல் இறங்கி மேல், கீழ்-மேல். மூன்றாம் தட்டில் ஒலி வராவிட்டாலும் கை கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

தமிழ்த் திரைப்பாடல்களில் மூன்று மூன்றாக நகரும் திஸ்ர நடையில் அமைந்தவை மிகுதி. “தகிட தகிட” என்று வாயால் சொல்லிப் பார்த்துப் பொருந்தினால், மேற்சொன்ன நான்கு தட்டு முறையை அதன்மேல் திணிக்க வேண்டாம். ஒவ்வொரு “தகிட”வுக்கும் மூன்று மீட்டல், அதில் முதலாவது சற்று அழுத்தமாக என்று வாசித்தாலே பாடலின் நடை வந்துவிடும்.

முழுதாக வாசிக்க முதல் பாடலாக எதை எடுக்கலாம்?

பிறந்தநாள் வாழ்த்துப் பாடலைப் பரிந்துரைக்கிறேன். மெட்டு எல்லோருக்கும் தெரியும், வீட்டில் பாடும் வாய்ப்பும் அடிக்கடி வரும், கேட்பவர்கள் தாமே சேர்ந்து பாடுவார்கள். மூன்று தட்டுத் தாளம், மூன்றே கார்டுகள், எட்டே வட்டம்: ஜி, டி, டி, ஜி, ஜி, சி, பிறகு ஒரு வட்டத்தில் இரண்டு தட்டு ஜி ஒரு தட்டு டி, கடைசியாக ஜி. “ஹேப்பி” என்ற சொல் தாளத்துக்கு முன்னால் எடுப்பாக வருவதால், முதல் ஜி கார்டு “பர்த்” என்ற அசையில்தான் விழ வேண்டும். பாடுகிறவர்களுக்குத் தொடக்கச் சுரம் தேவைப்பட்டால் 4ஆம் தந்தியைத் திறந்தபடி ஒருமுறை மீட்டிக் காட்டுங்கள்.

மெட்டையே தந்திகளில் வாசித்துப் பார்க்க விரும்புவோருக்கு “ட்விங்கிள் ட்விங்கிள்” நல்ல தொடக்கம். 3ஆம் தந்தி திறந்தபடி இரு முறை, 2ஆம் தந்தி மூன்றாம் ஃப்ரெட் இரு முறை, 1ஆம் தந்தி திறந்தபடி இரு முறை, மீண்டும் 2ஆம் தந்தி மூன்றாம் ஃப்ரெட் ஒரு முறை. அடுத்த வரி 2ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட் இரு முறை, அதையே திறந்தபடி இரு முறை, 3ஆம் தந்தி இரண்டாம் ஃப்ரெட் இரு முறை, திறந்தபடி ஒரு முறை என்று இறங்கி முடியும். வீட்டில் குழந்தை இருந்தால் நீங்கள் மெட்டை வாசிக்க, அது பாடட்டும்.

பதிவில் உள்ள சுருதி என் குரலுக்கு எட்டவில்லை. என்ன செய்யலாம்?

கேப்போ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு ஃப்ரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி. கிட்டாருக்கு அடுத்தபடியாக மிகப் பயனுள்ள செலவு அதுதான். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்லும் நம்மூர்க் கணக்கில் 1 கட்டை என்பது சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைக் கட்டை ஏற்றம் என்று பொதுவாகக் கொள்ளலாம். 3லிருந்து 4க்குப் போக மட்டும் ஒரே ஃப்ரெட் போதும். சி கார்டை மையமாகக் கொண்ட குடும்பத்தை இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்தால் 2 கட்டை. ஜி குடும்பத்தை அப்படியே வாசித்தால் 5 கட்டை, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஐந்தரை.

கடினமான கார்டுகளைத் தவிர்க்கவும் இதே வழி உதவும். 4 கட்டையில் உள்ள பாடலுக்கு எஃப், பி ஃப்ளாட், சி என்ற மூன்றும் தேவை. முதல் இரண்டும் தொடக்கநிலையினரை வாட்டுபவை. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி, ஜி, ஏ என்று பிடித்தால் அதே ஒலி, பாதி உழைப்பில் கிடைத்துவிடும்.

உங்கள் சுருதியைத் தீர்மானிக்கும்போது பல்லவியைப் பாடிப் பார்க்காதீர்கள். நம் பாடல்களில் பெரும்பாலும் சரணம்தான் மேலே ஏறும். சரணத்தின் உச்ச இடம் வசதியாக வருகிறதா என்று பார்த்தே கேப்போவை வைக்க வேண்டும்.

கர்நாடக சங்கீதம் சிறிது கற்றிருக்கிறேன். அது உதவுமா?

மிகவும் உதவும். சங்கராபரணத்தின் சுரங்களே மேஜர் ஸ்கேல், நடபைரவியின் சுரங்களே இயல்பான மைனர் ஸ்கேல், கீரவாணியே ஹார்மோனிக் மைனர். 5ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை ஸட்ஜமாகக் கொண்டு, 4ஆம் தந்தியில் திறந்தபடி ரி, இரண்டில் க, மூன்றில் ம, 3ஆம் தந்தியில் திறந்தபடி ப, இரண்டில் த, 2ஆம் தந்தியில் திறந்தபடி நி, முதல் ஃப்ரெட்டில் மேல் ஸ என்று சங்கராபரணத்தை வாசித்துப் பாருங்கள். தெரிந்த வரிசைகளை இதிலேயே பழகலாம்.

கார்டு தேர்வில்தான் இந்த அறிவு இன்னும் அழகாகக் கைகொடுக்கும். ஏ மைனரில் அமைந்த பாடலில் ஈ மைனர் போடுவதா, ஈ மேஜர் போடுவதா என்ற குழப்பம் அடிக்கடி வரும். மெட்டில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) கேட்டால் அது கீரவாணிப் பக்கம். ஈ மேஜர்தான் பொருந்தும். கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) கேட்டால் நடபைரவிப் பக்கம். ஈ மைனரோ ஜியோ இனிமையாக இருக்கும். இரண்டு கார்டுகளுக்கும் உள்ள வேறுபாடு 3ஆம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வைக்கும் சுட்டுவிரல் மட்டுமே, அந்த விரல் தொடுவதுதான் காகலி நிஷாதம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சுரங்களை அசைத்து வளைக்கும் கமகம் செறிந்த பாடல்களுக்குக் கார்டுகளை அடுக்கினால் ராகத்தின் சாயல் கலைந்துவிடும். அத்தகைய இடங்களில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் மெல்ல ஒலித்தால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் கார்டுகள் பாட்டோடு ஒட்டவில்லையே?

அவற்றில் பல, ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. தவறுகள் இருப்பது இயல்பு. சிலர் தங்களுக்கு வசதியான சுருதிக்கு மாற்றி எழுதியிருப்பார்கள். கேப்போவை ஒவ்வொரு ஃப்ரெட்டாக நகர்த்திப் பார்த்தால் எங்கோ பொருந்திவிடும். பழைய பதிவுகளில் சுருதி, ட்யூனர் காட்டும் அளவுக்குச் சற்று மேலோ கீழோ நிற்பதும் உண்டு. அப்போது பதிவுக்கேற்பத் தந்திகளைத் திருத்திக்கொள்ள வேண்டும், அல்லது பதிவில்லாமல் பாட வேண்டும்.

ஆசிரியர் அவசியமா?

முதல் ஓரிரு மாதங்களாவது ஒருவர் நேரில் பார்ப்பது நல்லது. மணிக்கட்டு மடங்கியிருப்பதையும் தோள் இறுகியிருப்பதையும் காணொளி சுட்டிக்காட்டாது.

பார் கார்டு பிடிக்கவே முடியவில்லை.

இப்போதைக்கு முடிய வேண்டியதில்லை. சுட்டுவிரல் ஆறு தந்திகளையும் அழுத்தும் எஃப் கார்டு, முதல் ஃப்ரெட்டில் இருப்பதாலேயே மிகக் கடினமானது. அங்கே நட்டுக்கு மிக அருகில் தந்தி விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள், எளிதாக விழும். அங்கே அதன் பெயர் ஏ. வாரம் ஒரு ஃப்ரெட் வீதம் முதல் ஃப்ரெட்டை நோக்கிக் கொண்டுவாருங்கள். விரலின் உள்பக்கச் சதையைவிட, கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பு ஓரத்தால் அழுத்தினால் வலு குறைவாகத் தேவைப்படும்.

வாசிக்க வருகிறது, பாட வருகிறது. இரண்டும் சேர்ந்து வரவில்லை.

வாசிப்பு இன்னும் கவனத்தைக் கேட்கிறது என்பதே இதன் பொருள். கார்டு வரிசையை வாசித்தபடி பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். பேச்சு தடைபட்டால் பாட்டுக்கு இன்னும் நேரமாகவில்லை. பேச முடிந்தபின், தட்டுக்கு ஒரு கீழ் மீட்டல் என்ற எளிய முறைக்குத் திரும்பி, வரிகளை ராகமில்லாமல் தாளத்தோடு சொல்லுங்கள். அதன்பின் முணுமுணுத்து, பிறகு வாய்விட்டுப் பாடுங்கள். எந்த அசையில் கார்டு மாறுகிறதோ அந்த எழுத்தைப் பாடல் வரியில் வட்டமிட்டு எதிரில் வைத்துக்கொண்டால், கார்டுகளைத் தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டிய சுமை நீங்கி, சொல்லே விரலை அழைத்துப் போகத் தொடங்கும். பல்லவி மட்டும் இப்படிச் சேர்ந்து வந்துவிட்டால் அன்றைக்கு அது போதும். சரணத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள்.